ஹேதால்காட்டிக் குளம் இனித்த ஐந்து மாதம்

ஹேதால்காட்டிக் குளம் இனித்த கதையைச் சொல்கிறவர்கள் எல்லோரும் ஆட்டிலிருந்துதான் தொடங்குகிறார்கள். வங்கத்தின் தென்கோடியில், ஆறுகள் கடலுக்குள் இறங்குவதா வேண்டாமா என்று தயங்கித் தயங்கி நூறு கிளைகளாகப் பிரியும் சதுப்புக்காட்டுத் தீவுகளுள் ஹேதால்காட்டி ஒன்று. இக்கதையை ஒன்பது வடிவங்களில் கேட்டிருக்கிறேன். படகோட்டிகளின் வடிவத்தில் அந்த ஆடு கறுப்பு, தேனெடுப்பவர்களின் வடிவத்தில் வெள்ளை, வலை பின்னும் பெண்களின் வடிவத்தில் அது சினையாடு. ஆனால் நான்காண்டுகளாக எந்த விலங்கும் வாய் வைக்காத குளத்தில், நம் பங்குனிக்கு இணையான சைத்ர மாதத்து முடிவில் ஒரு பிற்பகல், ஓர் ஆடு முன்கால்களை மடக்கித் தலையைத் தாழ்த்திக் குடித்தது என்பதிலும், குடித்த பிறகும் நலமாக இருந்தது என்பதிலும் ஒன்பது வடிவங்களும் ஒத்துப்போகின்றன.

குளம் உப்பானதற்குக் காரணம் இயற்கையன்று. இறால் பண்ணை வைக்க வந்த ஒருவர், நெல் விளையும் நிலத்தைக் கேட்டார், ஊர் மறுத்தது, மறுத்த மாதத்திலேயே ஆற்றுக்கரை ஓரிடத்தில் வெட்டப்பட்டு, வெட்டிய இடத்தில் தார் பூசிய சால்மரப் பலகைகளாலான ஒரு மதகு எழுந்து, கடல் ஏறும் நேரத்தில் திறந்து வற்றும் நேரத்தில் மூடி, கடலின் உப்பை நாளுக்கு இரண்டு முறை வயல்களுக்குள் அழைத்து வந்தது. நெல் கருகியது, வாழை கருகியது, குளம் கரித்தது. அதில் விழுந்த மழையும் விழுந்த நாளிலேயே உப்பாயிற்று. பெண்கள் மூன்று மணி நேரம் படகில் போய் வேறொரு தீவின் அடிகுழாயிலிருந்து குடிநீர் கொண்டுவந்தார்கள். ஓராண்டு கழித்து ஒரு பகலில் அந்த மதகின் பலகைகள் அத்தனையும் காணாமற்போயின. இடைவெளி சேற்றால் இறுக அடைக்கப்பட்டிருந்தது. போலீஸ் இயந்திரப் படகு வந்தபோது பஞ்சானன் மிர்தா என்பவர் கரைமேல் நின்று, "நான் ஒருத்தன்தான் பண்ணேன்" என்றார். அத்துமீறல், சேதம், திருட்டு என்று மூன்று பிரிவுகளில் ஏழாண்டுச் சிறை. வயலுக்குள் ஆறு வருவது அன்றோடு நின்றது. மண்ணில் இறங்கிய உப்பு மட்டும் நின்றபடியே நின்றது.

கிரணலேகா சான்யால் அங்கு வந்து சேர்ந்தது பஞ்சானன் சிறைக்குப் போன மூன்றாம் ஆண்டில். அப்போது அவருக்கு அறுபத்திரண்டு வயது. செங்கற்சூளைகளில் குடும்பத்தோடு அடைபட்டவர்களைப் பற்றியும், மூடிய தேயிலைத் தோட்டங்களில் தேயிலைப் பூவை வேகவைத்துத் தின்றவர்களைப் பற்றியும் நாவல்கள் எழுதி, அவற்றுக்காக ஒரு முறை சிறைக்கும் பல முறை நீதிமன்றங்களுக்கும் போய் வந்தவர். எழுதுவதில் அவருக்கு ஒரு கண்டிப்பு இருந்தது: யாரைப் பற்றி எழுதுகிறாரோ அவர்கள் நடுவில் உட்கார்ந்து எழுதுவார், பொழுது சாயும் முன் அன்றைய பக்கங்களை அவர்களுக்கே வாசித்துக் காட்டுவார், எழுதப்பட்டவர் தலையசைக்காத வரி அச்சுக்குப் போகாது. துர்க்கா பூசைக்கு வெளிவரும் சிறப்பிதழுக்கு ஒரு நாவல் தருவதாகக் கல்கத்தாவில் ஒப்புக்கொண்டிருந்தார். பஞ்சானனின் மேல்முறையீடு பூசை விடுமுறை முடிந்ததும் விசாரணைக்கு வருவதாக இருந்தது. அதற்குமுன் நாட்டுக்கு இது தெரிய வேண்டும் என்பதே அவர் கணக்கு.

எழுத மேசை இல்லை. ஊரே மாஷி, அதாவது சித்தி, என்று அழைக்கும் மருத்துவச்சி காந்தமணி, தன் வீட்டிலிருந்து ஒரு பலகையைக் கொண்டுவந்து அவர் மடியில் வைத்தாள். கனமான பலகை, ஓரத்தில் ஓர் ஆணித்துளை, இலேசான தார் வாசனை. அவர் அதன்மேல் காகிதத்தை விரித்து முதல் வாக்கியத்தை எழுதிய பிற்பகலில்தான் ஆடு குளத்தில் இறங்கியது.

காந்தமணியின் நாக்கு அந்தத் தீவில் பேர்பெற்றது. ஆற்று நீரைத் தொட்டு நக்கி, ஏற்றத்துக்கு இன்னும் எவ்வளவு நேரம் என்று சொல்லக்கூடியவள். ஆட்டைப் பார்த்தவள் குளத்தில் இறங்கி ஒரு விரலை நனைத்து நாக்கில் வைத்துக்கொண்டாள். கரையில் ஊரே நின்றது.

"என்ன மாஷி?"

"தண்ணி."

"தண்ணின்னா?"

"தண்ணின்னா தண்ணி. குடிக்கிற தண்ணி. போய்க் குடத்தை எடுத்துட்டு வாங்க, வாயைப் பார்த்துக்கிட்டு நிக்காம."

ஏன் இனித்தது என்று அன்று எவரும் கேட்டதாக எந்த வடிவத்திலும் இல்லை. கேட்கப்பட்ட கேள்விகள் வேறு: வீட்டுக்கு எத்தனை குடம், துணி துவைக்கலாமா, எருமைகள் எந்தக் கரையில் இறங்குவது. மூன்று நாள் சளி பிடித்து கிரணலேகா எழுதாமலிருந்தபோது நீர் மெல்லக் கரித்தது. நான்காம் நாள் அவர் பேனாவைத் திறந்ததும் தெளிந்தது. அதன்பிறகு ஊர் கூடி, இதைத் தனக்குத் தெரிந்த ஒழுங்குக்குள் கொண்டுவந்தது. தேனெடுக்கவும் நண்டு பிடிக்கவும் ஆண்கள் புலிக்காட்டுக்குள் போயிருக்கும் நாள்களில், அத்தீவுப் பெண்கள் நடுப்பகலில் அடுப்பு மூட்டுவதில்லை, மிளகாய் வறுப்பதில்லை, வாசற்குப்பையைக் கூட்டித் தள்ளுவதில்லை, தலையில் எண்ணெய் வைப்பதில்லை. உள்ளே போனவர் முழுதாகத் திரும்ப வேண்டுமென்றால் வெளியே இருப்பவர் அடங்கியிருக்க வேண்டும். தீதி, ஊருக்கே அக்காவாகிவிட்ட கிரணலேகா, காகிதத்துக்குள் போயிருக்கிறாள், காகிதம் காட்டைப்போல, ஆகவே அவள் வெளியே வரும்வரை நாற்பத்தொரு வீடுகளிலும் காட்டு நோன்பு என்று முடிவாயிற்று.

"நான் எங்கேயும் போகலையே," என்றார் கிரணலேகா. "இதோ உங்க முன்னாடிதானே உட்கார்ந்திருக்கேன்."

"உடம்பு உட்கார்ந்திருக்கு," என்றாள் காந்தமணி. "சாப்பிடக் கூப்பிட்டா மூணாவது தடவைதான் திரும்பிப் பார்க்கறீங்க. காட்டுக்குள்ள போன என் புருஷனே ரெண்டாவது கூப்பாட்டுக்குத் திரும்புவான்."

இவ்வாறு வைசாகம் கழிந்தது, ஜ்யைஷ்டம் கழிந்தது. பெண்கள் குளித்தார்கள், பருப்பு வெந்தது, பூசணி படர்ந்தது. கரை வெட்டப்பட்டதையும், நெல் கருகியதையும், கையெழுத்து அறியாதவர் பெயரில் குத்தகைப் பத்திரங்கள் முளைத்ததையும் கிரணலேகா எழுதினார், ஒவ்வொரு மாலையும் வாசித்தார், எழுதப்பட்டவர்கள் தலையசைத்தார்கள், குளம் ஒரே நிலையில் இனித்தது. அவர் நடந்துபோகும்போது ஆண்கள் குரலைத் தாழ்த்திக்கொண்டார்கள். எழுதும் நேரத்தில் அவர் முகத்தில் விழுந்த வெயிலை மறைக்க யாராவது ஒருவர் தாமாகவே வந்து நின்றுகொண்டிருப்பார் என்றும், அவர் தலை நிமிரும்போது நகர்ந்துவிடுவார் என்றும் வலை பின்னும் பெண்கள் சொல்கிறார்கள்.

மழை தொடங்கும் ஆஷாட மாதத்தில் கதை மதகை எட்டியது. அன்று மாலை அவர் வாசித்த பக்கங்களில், ஒரு மனிதன், தனியாக, ஒரு கடப்பாரையோடு, நாற்பத்தொரு பலகைகளையும் பெயர்த்து ஆற்றில் எறிந்தான். பஞ்சானனின் மனைவி சைலபாலா தலையசைத்தாள். எல்லோரும் தலையசைத்தார்கள். மறுநாள் விடிந்ததும் காந்தமணி விரலை நாக்கில் வைத்துத் துப்பினாள்.

பழி முதலில் நோன்பின்மேல் விழுந்தது. தெற்குத் தெரு வீட்டு மருமகள் ஒருத்தி பகலில் மிளகாய் வறுத்தாள் என்று பேச்சு கிளம்பி, அவள் மூன்று நாள் அழுது, சத்தியம் செய்து, கடைசியில் தன் வீட்டு மிளகாய் முழுவதையும் ஆற்றில் கொட்டினாள். குளம் கரித்தபடியே இருந்தது. பிறகு கிரணலேகாவுக்கு வேறு செய்திகள் வரத் தொடங்கின. முகத்தை மறைத்த ஐந்து பேர் வெளியூரிலிருந்து வந்ததாக ஒருவர் சொன்னார். அமாவாசை ஏற்றமே மதகைப் பிய்த்துக்கொண்டு போனதாக, கண்ணால் பார்த்ததுபோல, படகோட்டி படிக் காயேன் சொன்னார். கிரணலேகா ஒவ்வொன்றையும் எழுதிப் பார்த்தார். ஐந்து பேரை எழுதியதும், இனித்த நீரில் புதிதாக விட்டிருந்த கெண்டைகள் செத்து மிதந்தன. அமாவாசை ஏற்றத்தை எழுதியதும் குளக்கரைப் புல்லில் வெள்ளையாக உப்புப் பூத்தது.

"படிக்," என்றார் கிரணலேகா, "உன் கதை எல்லாத்தையும்விட உப்பு."

"நான் சொன்னவிதம் நல்லா இருந்ததா இல்லையா தீதி?"

"நல்லா இருந்தது. குடிக்க முடியலை."

பலகைகள் எங்கே என்று அவர் ஒருவரையும் கேட்கவில்லை. மடியிலிருந்த பலகையின் ஆணித்துளையில் சுட்டுவிரலை நுழைத்தபடி, இரண்டு நாள் எழுதாமல் உட்கார்ந்திருந்தார். மூன்றாம் நாள் காலையில் எழுந்து, ஊருக்குள் ஒவ்வொரு வீடாகப் போய்த் தண்ணீர் கேட்டார். உண்மையில் அவருக்குத் தாகம் இருந்ததா என்பதில் வடிவங்கள் வேறுபடுகின்றன. ஒரு வீட்டில் கோழிக்கூண்டின் கதவு தார் பூசிய சால்மரம். ஒரு வீட்டில் அரிசிப்பானை நிற்கும் தட்டு. ஒரு வீட்டில் உண்ண உட்காரும் மணை. படிக் காயேனின் படகில் பயணிகள் அமரும் குறுக்குப் பலகை. விசாரணைக்கு வந்த போலீஸ்காரர்கள் அத்தனை பேரும் மூன்றாண்டுகளாக அதன்மேல் உட்கார்ந்துதான் தடயம் தேட வந்து போயிருந்தார்கள். எல்லாவற்றிலும் ஓரத்தில் ஒரே அளவில் ஆணித்துளை.

அன்று பிற்பகல் சைலபாலா வந்தாள். அவள் தலையில் ஒரு பலகை இருந்தது. அதை இறக்கிக் கிரணலேகாவின் முன் வைத்தாள்.

"ஒரு வீட்டுக்கு ஒரு பலகை தீதி. பட்டப்பகல்ல, நாற்பத்தொரு வீடும் வந்தோம். ஆம்பளைங்க பெயர்த்தாங்க, பொம்பளைங்க சேறு சுமந்தோம். எங்க வீட்டுக்காரர் எல்லாரையும் கரை மண்ணைத் தொட்டுச் சத்தியம் பண்ண வெச்சார். 'அத்தனை பேரும் ஜெயிலுக்குப் போனா மழைக்காலத்துல கரையை யார் பார்க்கறது, நான் ஒருத்தன்னு சொல்லுங்க'ன்னார். தொட்டோம்."

"இப்ப ஏன் சொல்றே?"

"பொய்யைக் குடிச்சுப் பார்த்தாச்சு."

கிரணலேகா அந்தப் பலகையின் ஆணித்துளையைத் தடவிப் பார்த்தார். பிறகு சொன்னார்: "சைலா, இதை எழுதினா ரெண்டு நடக்கும். நாற்பத்தொரு வீட்டுக்கும் போலீஸ் வரும். அப்புறம், இதுதான் கடைசி அத்தியாயம். இதோட நாவல் முடிஞ்சுடும். நான் எழுதாத மூணு நாள்ல குளம் என்ன ஆச்சுன்னு உனக்குத் தெரியும்."

"தெரியும்."

"முடிக்காம இழுத்துக்கிட்டே இருக்கலாம். ஊர்ல பாதிப் பேர் அதைத்தான் விரும்பறாங்க. எனக்குத் தெரியாதுன்னு நினைச்சுக்கிட்டு, முதல் அத்தியாயத்துல விட்டுப்போன எருமை பேரையெல்லாம் கொண்டுவந்து சொல்றாங்க."

சைலபாலா சிரித்தாள். "எங்க எருமை பேரும் விட்டுப்போச்சு. இருக்கட்டும்." பிறகு சொன்னாள்: "தண்ணியைப் படகுல கொண்டுவரலாம் தீதி. நாலு வருஷம் கொண்டுவந்தோம், இன்னும் கொண்டுவரோம். அவரைக் கொண்டுவர என்கிட்டப் படகு இல்லை."

ஊர் கூடியது. எழுதப்படுகிறவர் தலையசைக்காமல் எழுதுவதில்லை என்பதால், கிரணலேகா ஒவ்வொருவரையும் பெயர் சொல்லிக் கேட்டார். பெயர்களை மாற்றி எழுதலாமா என்றும் கேட்டார்; பாதிப் பெயருக்குப் பாதி உப்பு என்றாள் காந்தமணி. சிலர் உடனே தலையசைத்தார்கள். சிலர் தம் பிள்ளைகளைப் பார்த்தார்கள், கரையைப் பார்த்தார்கள், பிறகு அசைத்தார்கள். தெற்குத் தெரு மருமகள், "என் மிளகாயை யார் திருப்பித் தருவாங்க?" என்று கேட்டுவிட்டு அசைத்தாள். கடைசியில் நின்றவர் படிக் காயேன்.

"என் பலகையைக் கழட்டினா படகுல ஜனங்க எங்க உட்காருவாங்க?"

"நின்னுக்கிட்டே போகட்டும்," என்றாள் காந்தமணி.

"நின்னா படகு ஆடும்."

"ஆடட்டும். உன் கதையைவிடக் கம்மியாத்தான் ஆடும்."

அவரும் தலையசைத்தார்.

இருபது நாள் கிரணலேகா எழுதினார். அந்த இருபது நாளில் குளம் இனித்ததைப்போல முன்னும் பின்னும் இனித்ததில்லை. அந்நீரில் வேகவைத்த சோற்றுக்குத் தொட்டுக்கொள்ள எதுவும் தேவைப்படவில்லை என்கிறார்கள் படகோட்டிகள், அப்படியெல்லாம் இல்லை, வழக்கம்போல இனித்தது என்கிறார்கள் தேனெடுப்பவர்கள். நாற்பது பலகைகள் எந்தெந்த வீட்டில் என்னவாக இருந்தன என்று பெயரோடு எழுதிவிட்டு, நாற்பத்தோராவது காந்தமணியின் வீட்டுப் பலகை என்றும், அதன்மேல்தான் இந்த நாவல் முழுவதும் எழுதப்பட்டது என்றும் எழுதி, பேனாவை மூடினார். வெளியே வந்து, கூடியிருந்தவர்களிடம், "வந்துட்டேன்" என்றார். அன்று நடுப்பகலில் நாற்பத்தொரு வீடுகளிலும் அடுப்பு மூண்டது. பெண்கள் ஒருவர் தலைக்கு ஒருவர் எண்ணெய் வைத்தார்கள். எல்லாக் குடங்களும் பானைகளும் அண்டாக்களும் குளத்துக்குப் போய் நிறைந்து வந்தன. சைலபாலா ஒரு சிறிய மண்குடத்தை நிரப்பி, வாயைக் களிமண்ணால் மூடி, வீட்டின் குளிர்ந்த மூலையில் வைத்தாள். சூரியன் விழும்போது காந்தமணி குளத்தில் விரல் வைத்தாள். நாக்கில் வைத்துவிட்டுத் துப்பினாள். மறுநாள் காலை பெண்கள் படகேறி அடிகுழாய்த் தீவுக்குப் போனார்கள்.

நாவல் பூசைச் சிறப்பிதழில் வெளியானது. அதை வாசித்தவர்களில் சிலர் வழக்கறிஞர்கள். மேல்முறையீடு வந்த நாளில் ஹேதால்காட்டி மக்கள் தலையில் பலகைகளோடு, நின்றபடியே, நான்கு படகுகளில் ஆற்றைக் கடந்து, நகரத்துத் தெருக்களில் வரிசையாக நடந்து, நீதிமன்ற முற்றத்தில் அவற்றைப் பக்கம் பக்கமாக அடுக்கினார்கள். கோழிக்கூண்டின் எச்சமும் அரிசிப்பானையின் வட்டமும் மைக்கறையும் படிந்த பலகைகள். துளைக்குத் துளை பொருந்தி, தார்க்கோடு தார்க்கோட்டோடு சேர்ந்து, முற்றத்தில் ஒரு மதகு கிடந்தது. நாற்பத்தோராவதைக் கிரணலேகா சுமந்து வந்திருந்தார்.

"சம்பவத்தன்று நீங்கள் அங்கே இருந்தீர்களா?" என்று அரசு வழக்கறிஞர் கேட்டார்.

"இல்லை," என்றார் அவர். "பலகை என்னிடம் இருக்கிறது."

நான் பார்த்த தீர்ப்பு நகலின்படி, ஒருவரே செய்தார் என்ற குற்றச்சாட்டு நிற்கவில்லை. பஞ்சானன் அதுவரை கழித்த காலமே தண்டனையாகக் கொள்ளப்பட்டது, மற்ற வீடுகளின்மேல் வழக்கு எழவில்லை. படகோட்டிகள் இதை ஏற்பதில்லை. ஏழாண்டுகளை நாற்பத்தொன்றாக வகுத்து, வீட்டுக்கு இரண்டு மாதமும் சொச்சமும் வந்ததாகவும், கரையில் கை குறையாதபடி முறைவைத்து ஒவ்வொருவராகப் போய்க் கழித்துவிட்டு வந்ததாகவும், காந்தமணியின் பங்கை, பலகை தன்னிடம் இருந்ததால், கிரணலேகாவே சிறையில் உட்கார்ந்து தீர்த்ததாகவும் சொல்கிறார்கள். ஏட்டில் அப்படி எதுவும் இல்லை என்று ஒரு முறை சொல்லிப் பார்த்தேன். யார் யார் எந்த மாதத்தில் போனார்கள் என்று ஒருவர் விரல்விட்டுச் சொல்லி முடித்தார். நாற்பத்தொன்று சரியாக வந்தது. அவர் படிக் காயேனின் மகன் என்பதையும் இங்கே குறித்துவிட வேண்டும்.

பஞ்சானன் ஊருக்கு வந்த அன்று முதலில் மனைவியிடம்தான் கோபப்பட்டார். "கரை மண்ணைத் தொட்டுச் சொன்னதை மீறிட்டே."

"கரை நிக்குதா பாருங்க முதல்ல," என்றாள் சைலபாலா.

அவர் திரும்பிப் பார்த்தார். கரை நின்றது. அவள் களிமண் மூடியை உடைத்து, சிறுகுடத்திலிருந்து ஒரு வெண்கலக் குவளையில் நீர் வார்த்துக் கொடுத்தாள். அவர் ஒரு மடக்குக் குடித்துவிட்டு நிறுத்தினார்.

"எந்தத் தீவுத் தண்ணி இது?"

"நம்ம குளம்."

அவர் குளத்தைப் பார்த்தார். கரையோரப் புல்லில் உப்பு வெளுத்துக் கிடந்தது. ஆடுகள் அதைச் சுற்றிக்கொண்டு அப்பால் போய்க்கொண்டிருந்தன. கூட்டத்தில் கிரணலேகா நின்றிருந்தார். அவரைப் பஞ்சானன் அன்றுதான் முதன்முதலாகப் பார்த்தார். குவளையை நெற்றிக்கு உயர்த்தினார். பாதியைக் குடித்தார். மீதிப் பாதியோடு படியில் இறங்கி, பாலுக்கு உறை ஊற்றுகிறவனைப்போல, சிந்தாமல், ஓரிடத்திலேயே, மெல்லக் குளத்தில் ஊற்றினார்.

"பாலா இது, தோயறதுக்கு?" என்றாள் காந்தமணி.

"நாளைக்கே தோயணும்னு யார் சொன்னா மாஷி," என்றார் பஞ்சானன். "கரை நிக்குதில்லே. மழை வரட்டும்."

குளம் எந்த ஆண்டில் தோய்ந்தது என்பதில்தான் வடிவங்கள் மிகுதியாகப் பிரிகின்றன: மூன்றாம் மழைக்குப் பின் என்பர், ஆறாம் மழைக்குப் பின் என்பர், கிரணலேகா கல்கத்தாவில் இறந்த செய்தி வந்த நாளில் என்பாரும் உண்டு, அடைத்த கரைக்குள் பெய்த மழை உப்பைக் கழுவக் கழுவ அது தானே தெளிந்தது, இதில் சொல்ல என்ன இருக்கிறது என்று கேட்ட ஒரு பள்ளி ஆசிரியரும் உண்டு. நான் போயிருந்தபோது எனக்கும் ஒரு குவளை நீர் தந்தார்கள். அந்த ஊரில் நீர் தருகிறவர், வாங்கியவர் பாதி குடிக்கும்வரை காத்திருந்து, கையைப் பிடித்துக் குளப்படிக்கு அழைத்துப்போகிறார். மீதியை அங்கே ஊற்ற வேண்டும். அடிகுழாய் நீரானாலும் மழைநீரானாலும் அப்படித்தான். ஊற்றாமல் எவரும் தீவை விட்டுப் போவதில்லை. ஊற்றிவிட்டு, இப்போது இது இனிப்பா உப்பா என்று கேட்டேன். எனக்கு நீர் தந்த பெண்ணின் பெயர் கிரணலேகா; அந்தத் தீவில் அந்தப் பெயரில் பதினான்கு பேர் இருக்கிறார்கள்.

"எங்களைக் கேட்டா நாங்க நல்லதாத்தான் சொல்வோம்," என்றாள். "அதைக் கேளுங்க."

படிக்குக் கீழே, முன்கால்களை மடக்கி, ஓர் ஆடு குடித்துக்கொண்டிருந்தது. அது கறுப்பும் வெள்ளையும் கலந்த ஆடு, சினையாகவும் இருந்தது.